வாசகர் கேள்வி–பதில்: மருந்துக்குள் உலோகம்

குமரி மாவட்ட வாசகர்களின் கடிதங்களில் இம்முறை உலோக அணைவுச் சேர்மங்கள் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிளஸ் டூ வேதியியலில் படித்த அதே அணைவுச் சேர்மம்தான்: நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஈனிகள். எந்த ஈனி, எந்த இடத்தில், எப்போது கழல்கிறது என்று பார்த்தாலே கீழுள்ள கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். கதிர் சிகிச்சையோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஊசி போடுகிறார்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவது எதற்கு? வீட்டில் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகி, குளச்சல்

சிஸ்பிளாட்டினில் ஒரு பிளாட்டினம் அயனியின் ஒரு பக்கத்தில் இரண்டு குளோரைடு, மறுபக்கத்தில் இரண்டு அம்மோனியா. இரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல் இருக்கிறது. அதனால் அங்கே மருந்தின் குளோரைடுகள் எளிதில் கழல்வதில்லை. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. அங்கே போனதும் குளோரைடு கழன்று, அந்த இடத்தில் நீர் மூலக்கூறு வந்து சேரும். பிறகு அந்த நீரையும் விட்டுவிட்டு, பிளாட்டினம் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களைப் பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் டி.என்.ஏ. வளைந்துவிடும், செல்லால் அதைப் படியெடுக்க முடியாது, செல் மடியும். குளோரைடுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இரட்டைச் சேர்மமான டிரான்ஸ்பிளாட்டினுக்கு இந்தப் பிடி வாய்க்காது. அது மருந்தாகவும் ஆகவில்லை.

சலைனுக்கு இரண்டு வேலை. மருந்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலந்தால், நரம்புக்குள் போகும் வரை குளோரைடு கழலாமல் இருக்கும். குளோரைடே இல்லாத வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் கலப்பதில்லை என்பது இதனால்தான். இரண்டாவது வேலைதான் முக்கியமானது. இந்த மருந்து சிறுநீரக நுண்குழல்களைப் புண்ணாக்கும். நிறைய நீர் ஓடினால் அங்கே மருந்தின் செறிவு குறையும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை என்றால், ஊசி போட்ட அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாட்களும் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் என்று இடைவிடாமல் கொடுங்கள். சிறுநீர் வெளியேறுவது குறைகிறதா என்று பாருங்கள். வாந்தி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைகூட வரலாம். எழுதிக் கொடுத்த வாந்தி மாத்திரையை 'இப்போது பரவாயில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். காதில் இரைச்சல், விரல் நுனியில் மரமரப்பு இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வலிக்கிறதென்று மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்கவே கூடாது. சிஸ்பிளாட்டினோடு இவையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறியிருக்கிறவருக்கு, நம்மூரில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று கொடுக்காமல், கேட்டுவிட்டுக் கொடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். ஊசி போட்ட 48 மணி நேரம் கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளில் உலோக அணைவுச் சேர்மம் ஏதாவது உண்டா?
— வாசகர், தக்கலை

உண்டு. பல பொடுகு ஷாம்புகளில் இருக்கும் ஜிங்க் பைரித்தியோன் ஓர் அசல் அணைவுச் சேர்மம். துத்தநாகத்தை இரண்டு பைரித்தியோன் ஈனிகள் பிடித்திருக்கின்றன. பூஞ்சையைத் தாக்குவதில் பெரும்பங்கு துத்தநாகத்துக்கு அல்ல. பைரித்தியோன் சுற்றுப்புறத்தில் இருக்கும் செம்பைப் பிடித்துப் பூஞ்சையின் செல்லுக்குள் கொண்டுபோகிறது. அங்கே இரும்பு–கந்தகப் புரதங்கள் கெடுகின்றன. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் இந்த வகைதான். அது வெள்ளி அயனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

நல்லமிளகுக்குத் துரிசும் (தாமிர சல்ஃபேட்) சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோம். சில முறை இலை கருகுகிறது, சில முறை பலனே இல்லை. இது எப்படி வேலை செய்கிறது? ரப்பரிலும் பூசலாமா?
— விவசாயி, குலசேகரம்

நீங்கள் அடிப்பதன் பெயர் போர்டோ கலவை. ஒரு சதவீதக் கலவையில் 10 லிட்டருக்கு 100 கிராம் துரிசு, 100 கிராம் நல்ல நீற்றாத சுண்ணாம்பு. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் ஐந்தைந்து லிட்டர் தண்ணீர் எடுத்துத் தனித்தனியாகக் கரையுங்கள். சுண்ணாம்பை நீற்றி, ஆறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு துரிசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் துகள் பருத்துச் சீக்கிரம் அடியில் படியும், தெளிப்பான் முனையும் அடைக்கும். இரும்பு வாளி கூடாது. செம்பு முழுக்க வாளியில் படிந்துவிடும்.

இலை கருகுவதற்குக் காரணம், சுண்ணாம்போடு சேராமல் மிஞ்சிய செம்பு. தேய்த்துப் பளபளப்பாக்கிய வெட்டுக்கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் பிடியுங்கள். செந்நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்புப் பால் விட வேண்டும். கத்தி வெள்ளையாகவே வரும்வரை. பழைய, காற்றில் இறந்த சுண்ணாம்பு வாங்கியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பலன் இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் முந்தின நாள் கலவை, அல்லது மழை தொடங்கிய பிறகு அடிப்பது. நோய் வந்த இலையை இது காப்பாற்றாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே இலையில் படிந்து காய்ந்திருக்க வேண்டும். அந்த நீலப் படிவு கரையாத காரத் தாமிர உப்பு. இலை ஈரத்தில் பூஞ்சை வித்து முளைக்கும்போது கசியும் அமிலங்களும் அமினோ அமிலங்களும் அதிலிருந்து செம்பைக் கரைத்து, அணைவாகப் பிடித்துத் தன் செல்லுக்குள்ளேயே இழுத்துக்கொள்கின்றன.

ரப்பர் கன்றுகளில் கிளை பிரியும் இடத்து இளஞ்சிவப்பு நோய்க்குப் பத்து சதவீதப் பசை பூசலாம்: துரிசு, சுண்ணாம்பு இரண்டும் ஒவ்வொரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். ஆனால் பால் வெட்டும் மரத்தில் இது வழிந்து சிரட்டையில் விழக் கூடாது. செம்பு ரப்பரைக் காற்றோடு சேர்ந்து சிதைக்கும்; ஷீட் பிசுபிசுப்பாகி விலை போகாது.

எம்.எஸ்சி. திட்டப்பணிக்குச் சாலிசிலால்டிஹைடும் எத்திலீன்டைஅமீனும் சேர்த்து ஷிஃப் காரம் என்ற ஈனியைச் செய்து, அதில் தாமிர அணைவு தயாரிக்கிறேன். ஒருமுறை பழுப்புப் பிசின் வந்தது, ஒருமுறை கறுப்புத் தூள். பச்சையாக வந்தாலும் அது சரியான சேர்மம்தானா என்று எப்படி உறுதி செய்வது?
— மாணவி, நாகர்கோவில்

பழுப்புப் பிசினுக்கு முதலில் பாட்டில்களைப் பாருங்கள். சாலிசிலால்டிஹைடு வெளிர்மஞ்சள் எண்ணெயாக இருக்க வேண்டும். செம்பழுப்பாகி மூடியோரம் படிகம் கட்டியிருந்தால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது, வாலை வடித்துத்தான் பயன்படுத்தலாம். எத்திலீன்டைஅமீன் காற்றின் கார்பன் டைஆக்சைடையும் ஈரத்தையும் உறிஞ்சும். வாயோரம் வெள்ளைப் பொருக்கு இருந்தால் நீங்கள் அளந்த அமீன் கணக்கு தவறிவிட்டது.

அளவுகள்: 20 மில்லிமோல் சாலிசிலால்டிஹைடு, அதாவது 2.44 கிராம் அல்லது 2.1 மி.லி., 25 மி.லி. சூடான எத்தனாலில். கலக்கிக்கொண்டே 10 மில்லிமோல் எத்திலீன்டைஅமீன், 0.60 கிராம் அல்லது 0.67 மி.லி., துளித்துளியாக. உடனே மஞ்சள் செதில்கள் விழும். அரை மணி நேரம் மீள்கொதிக்கவிட்டு, பனிக்கட்டியில் குளிர்வித்து வடிகட்டி, எத்தனாலில் மறுபடிகமாக்குங்கள். முழு விளைச்சல் 2.68 கிராம், உருகுநிலை 125–128 டிகிரி செல்சியஸுக்குள் கூர்மையாக இருக்க வேண்டும். ஈனி சுத்தமாகாமல் உலோகத்தைத் தொடாதீர்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேயே தொடங்குகிறது.

அடுத்து 10 மில்லிமோல் ஈனியைச் சூடான எத்தனாலில் கரைத்து, 2.00 கிராம் தாமிர அசிட்டேட் மோனோஹைட்ரேட்டைச் சிறிதளவு சுடுநீரில் கரைத்துச் சேருங்கள். கரும்பச்சைப் படிவு வரும். அசிட்டேட் உப்பை எடுப்பதற்குக் காரணம், அது பீனாலின் புரோட்டானைத் தானே வாங்கிக்கொள்ளும். தாமிரக் குளோரைடு எடுத்தால் 20 மில்லிமோல் டிரைஎத்தில்அமீன், 2.8 மி.லி., தேவை. இதற்குப் பதிலாகச் சோடியம் ஹைட்ராக்சைடைத் தாராளமாக விட்டால் தாமிர ஹைட்ராக்சைடு விழுந்து, சூட்டில் தாமிர ஆக்சைடாகும். உங்கள் கறுப்புத் தூள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் கிருமிச் சோதனைக்கு அனுப்பினால், கொல்வது ஆக்சைடா அணைவா என்றே தெரியாது. படிவைக் குளிர் எத்தனாலிலும் பிறகு ஈதரிலும் கழுவி உலர்கலனில் வையுங்கள். முழு விளைச்சல் 3.30 கிராம். அதற்கு மேல் எடை வந்தால் மகிழ வேண்டாம்; உள்ளே கரைப்பானோ உப்போ இருக்கிறது.

உறுதி செய்ய, கல்லூரி ஆய்வகத்திலேயே முடியக்கூடிய தாமிர மதிப்பீட்டிலிருந்து தொடங்குங்கள். 0.200 கிராம் சேர்மத்தைப் புகைப்பெட்டிக்குள் 5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தோடு மெல்லச் சூடாக்கிச் சிதைத்து, 2 மி.லி. அடர் கந்தக அமிலம் விட்டு வெண்புகை வரும்வரை சூடாக்குங்கள். நைட்ரஜன் ஆக்சைடு மிஞ்சினால் அது அயோடைடை ஆக்ஸிஜனேற்றி உங்கள் கணக்கைக் கூட்டிவிடும். ஆறியபின் நீர்த்து, ஆழ்ந்த நீலம் வரும்வரை அம்மோனியா, நீலம் வெளிறும்வரை அசிட்டிக் அமிலம், பிறகு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு. 0.05 மோலார் தயோசல்ஃபேட்டால் தரம்பாருங்கள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டார்ச்சும் ஒரு சிட்டிகை தயோசயனேட்டும் சேர்க்க வேண்டும். சேர்மத்தில் தாமிரம் 19.27 சதவீதம், ஆகவே 12.1 மி.லி. ஆக வேண்டும். தனிமப் பகுப்பாய்வு வெளியே அனுப்பினால் கார்பன் 58.26, ஹைட்ரஜன் 4.28, நைட்ரஜன் 8.49, 0.4-க்குள் ஒத்துவர வேண்டும்.

அகச்சிவப்பு நிறமாலையில் 1635 செ.மீ.⁻¹ அருகே இருக்கும் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு நகர்வதை எல்லோரும் எழுதுகிறார்கள். நகர்வு சில சேர்மங்களில் மிகச் சிறியது, அதை மட்டும் நம்ப முடியாது. பீனாலின் அகன்ற பட்டை மறைவதையும் சேர்த்துப் பாருங்கள். 3400 அருகே பட்டை வந்தால் உடனே 'அணைவு நீர்' என்று எழுதிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் நாகர்கோவில் காற்றில் திறந்துவைத்த பொட்டாசியம் புரோமைடே அந்தப் பட்டையைத் தரும். வெப்ப எடைப் பகுப்பாய்வில் எடை இழப்பு எந்த வெப்பநிலையில் என்று பார்த்த பிறகுதான் நீர் இருக்கிறது என்று சொல்லலாம்.

என் தாமிர அணைவு இ.கோலிக்கு, கிருமி வளராத 18 மி.மீ. வளையம் தந்தது, ஈனி 9 மி.மீ., சிப்ரோஃப்ளாக்சசின் 24 மி.மீ. 'சிப்ரோவுக்கு நெருங்கிய மருந்து' என்று எழுதலாமா? காரணமாக ட்வீடியின் கொடுக்கிணைப்புக் கொள்கையை எழுதச் சொல்கிறார்கள்.
— மாணவர், மார்த்தாண்டம்

எழுதக் கூடாது. வளையத்தின் அகலம் கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை. சேர்மம் அகாரில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்பதையும் காட்டுகிறது. நீரில் கரையாத நல்ல சேர்மம், அதை ஊறவைத்த காகித வட்டிலேயே உட்கார்ந்துவிடும், சுமாரான உப்பு ஓடிப்போய்ப் பெரிய வளையம் தரும். மேலும் சிப்ரோ வட்டில் 5 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. உங்கள் வட்டில் எத்தனை மைக்ரோகிராம் வைத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான திட்டப்பணிகளில் அது பத்து, இருபது மடங்கு.

வளையம் பார்ப்பதென்றால் முல்லர்–ஹிண்டன் அகார் 4 மி.மீ. தடிப்பில் இருக்கட்டும், 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலின் அடர்த்தியை ஒப்பிடும் அளவுகோல்). அந்த ஒப்பீட்டுக் கலங்கலை நீங்களே செய்யலாம்: 1.175 சதவீதப் பேரியம் குளோரைடு 0.05 மி.லி., ஒரு சதவீதக் கந்தக அமிலம் 9.95 மி.லி. ஒப்பீட்டு வட்டுகளில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் மட்டும் ஒன்று, ஈனி மட்டும் ஒன்று இருக்கும். விட்டுப்போவது மூன்றாவது: அதே மோல் அளவு வெறும் தாமிர அசிட்டேட். அதுவும் 18 மி.மீ. தந்தால், உங்கள் அணைவு உடைந்து செம்பு வெளியேறி வேலை செய்திருக்கலாம். அந்த வட்டு இல்லாத ஆய்வை நாங்கள் ஆய்வாகவே ஏற்க மாட்டோம்.

உண்மையான எண், கிருமி வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த அளவான குறைந்தபட்சத் தடுப்புச் செறிவுதான். 12.8 மி.கி./மி.லி. செறிவில் டி.எம்.எஸ்.ஓ. கரைசல் செய்து, கிருமியூட்டக் குழம்பில் 50 மடங்கு நீர்த்தால் மி.லி.க்கு 256 மைக்ரோகிராம். 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டர் வீதம் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு குழியிலும் மி.லி.க்கு 10 லட்சம் கிருமிகள் உள்ள குழம்பு 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால், முதல் குழி 128 மைக்ரோகிராமில், டி.எம்.எஸ்.ஓ. ஒரு சதவீதத்தில் நிற்கும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். கிருமியே சேர்க்காத குழிகளையும் இதே வரிசையில் வையுங்கள், ஏனென்றால் சேர்மம் படிந்து வரும் கலங்கலைக் கிருமி வளர்ச்சி என்று எண்ணிவிடுவது இந்தச் சோதனையின் வழக்கமான பிழை. ஒப்பீட்டுக்கான தர வகையான இ.கோலி ஏ.டி.சி.சி. 25922-க்குச் சிப்ரோ மதிப்பு 0.004–0.016 மைக்ரோகிராமுக்குள் வராவிட்டால் அன்றைய தட்டு முழுதும் செல்லாது. உங்கள் சேர்மம் 64 என்றால் வித்தியாசம் எத்தனை ஆயிரம் மடங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையை நுண்ணுயிரியல் துறையில், அவர்கள் கண்காணிப்பில் செய்யுங்கள். முடிந்ததும் தட்டுகளை 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே போட வேண்டும்.

கொடுக்கிணைப்பால், அதாவது ஈனி கொடுக்குபோல் உலோகத்தைப் பல இடங்களில் பிடிப்பதால், உலோகத்தின் மின்சுமை ஈனிமீது பரவி, சேர்மம் கொழுப்புச் சவ்வைக் கடக்கிறது என்பது ட்வீடி கொள்கை. யோசனை தவறில்லை. சேர்மம் கொழுப்பை நாடுகிறதா நீரை நாடுகிறதா என்று காட்டும் ஆக்டனால்–நீர்ப் பங்கீட்டை அளக்காமல் அதை எழுதுவதுதான் தவறு. இரண்டு குப்பி, ஒரு நிறமாலைமானி இருந்தால் ஒரு மதியத்தில் அளந்துவிடலாம்.

சோர்ந்துபோக வேண்டாம். வெளியிலிருந்து வரும் சேர்மங்களைக் கிருமிகள்மீது சோதிக்கும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோ-ஆட் திட்டம் 906 உலோகச் சேர்மங்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவில், செயல்திறன் காட்டியவை 9.9 சதவீதம், அவர்களிடம் வந்த வெறும் கரிமச் சேர்மங்களில் 0.87 சதவீதம்தான். இந்தத் துறையில் தேட வேண்டியது நிறைய இருக்கிறது.

ஹீலா என்ற புற்றுச் செல்களில் எம்.டி.டி. சோதனை (உயிருள்ள செல்கள் எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) செய்து கொடுத்தார்கள். பாதி செல்களைக் கொல்லும் செறிவு சிஸ்பிளாட்டினைவிடக் குறைவு. இது புற்றுநோய் மருந்து ஆகுமா?
— ஆய்வு மாணவி, குழித்துறை

அறிக்கை கொடுத்தவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தார்கள்? டி.எம்.எஸ்.ஓ. என்றால் அந்த ஒப்பீடு வீண். அதன் கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தில் உட்கார்ந்துகொள்ளும், மருந்து செயலிழக்கும். உங்கள் சேர்மம் செத்த சிஸ்பிளாட்டினைத்தான் வென்றிருக்கிறது. 0.9 சதவீத உப்புக் கரைசலில், புதிதாகக் கரைத்திருக்க வேண்டும்.

செல் இல்லாத குழியில் உங்கள் சேர்மமும் எம்.டி.டி.யும் மட்டும் சேர்த்துப் பார்த்தார்களா? தயோல் உள்ள ஈனிகளும் சில உலோக அணைவுகளும் எம்.டி.டி.யைத் தாமாகவே ஊதா ஃபார்மசானாக மாற்றும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தெரியும். அடர்நிறச் சேர்மமும் 570 நானோமீட்டரில் குறுக்கிடும், ஆகவே எம்.டி.டி. சேர்க்கும் முன் ஊடகத்தை மாற்ற வேண்டும். மூன்றாவது, சாதாரண செல் வரிசையிலும் செய்தார்களா? புற்றுச் செல்லையும் நல்ல செல்லையும் ஒரே அளவில் கொல்வதற்கு நஞ்சு என்று பெயர்.

சேர்மத்தை செல் ஊடகத்தில் விட்டு 0, 24, 48 மணி நேரத்தில் நிறமாலை எடுங்கள். உச்சி நகர்ந்திருந்தாலோ படிவு விழுந்திருந்தாலோ செல் சந்தித்தது நீங்கள் தயாரித்த சேர்மத்தை அல்ல. மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட முதல் ருத்தேனியச் சேர்மமான நாமி-ஏ 1999-இல் சோதனைக்குப் போய், பின்னர் போதிய பலன் இல்லாமல் நிறுத்தப்பட்டது. ஆகவே 'புற்றுச் செல்களின் வளர்ச்சியை ஆய்வகத்தில் தடுத்தது' என்று எழுதுங்கள். அதுவே மதிப்புள்ள வாக்கியம்.

செம்புக் குடத்துத் தண்ணீர், தாமிரச் செந்தூரம் இவை புற்றுநோய்க்கு நல்லதா?
— வாசகர், சுசீந்திரம்

செம்புப் பரப்பு கிருமியைக் கொல்லும். இரவு வைத்த தண்ணீரில் கிருமி குறையும். புற்றுநோய்க்கு அது மருந்து அல்ல. குடத்தில் மோர், புளித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு வைக்காதீர்கள், களிம்பு கரைந்து வயிற்றைப் புரட்டும். குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 2 மி.கி. செந்தூரம் புடமிட்டுச் செய்வது, அணைவுச் சேர்மத்திலிருந்து வேறு வகைப் பொருள். பதிவு பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தாலும், கீமோ நடக்கும் நாட்களில் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிறுநீரகமும் ஈரலும் கெட்டால் எதனால் என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

எங்கள் ஊர் மணலிலிருந்து எடுக்கும் உலோகங்கள் மருந்தில் பயன்படுகின்றனவா?
— பிளஸ் டூ மாணவர், மணவாளக்குறிச்சி

இல்மனைட்டில் டைட்டானியம் இருக்கிறது. டைட்டனோசீன் டைகுளோரைடு, புடோடைட்டேன் என்ற இரண்டு டைட்டானியச் சேர்மங்கள் புற்றுநோய்க்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன. தண்ணீரில் ஈனிகள் மிக விரைவாகக் கழன்று டைட்டானியம் ஆக்சைடாகப் படிந்துவிடுவது பெரிய தடையானது, இரண்டும் மருந்தாகவில்லை. மோனசைட்டில் அதிகம் உள்ள சீரியத்தின் நைட்ரேட், வெள்ளிக் களிம்போடு சேர்த்துத் தீக்காயத்துக்குப் பயன்படுகிறது. அதே அரிமண் குடும்பத்துக் கடோலினியம் தனி அயனியாக நஞ்சு. டோட்டா போன்ற கூண்டு ஈனிக்குள் பூட்டினால் எம்.ஆர்.ஐ. படத்தைத் தெளிவாக்கும் மருந்தாக நரம்பில் ஏற்றலாம். லூட்டீசியம்-177 என்ற கதிரியக்க அயனியை அதே டோட்டாவில் பூட்டி, கட்டியைத் தேடிப் போகும் பெப்டைடோடு இணைத்த மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டைட்டானியத்தில் தோற்றதற்கும் லூட்டீசியத்தில் வென்றதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அந்தப் பூட்டுதான். பிளஸ் டூ பாடத்தில் அணைவுச் சேர்மங்களின் நிலைப்புத்தன்மை மாறிலி என்ற பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், இந்த இரண்டு உலோகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.